மப்ளர் மட்டும்தான் மாத்தினேன்

ஜூன் 7, சனி

இன்று முயலின் வயிறு ஓட்டையானது.

முயல் என்பது எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார். வெள்ளை, பதின்மூன்று வயது, முன்னும் பின்னும் சிவப்பு எல். ஸ்கூல் என் கூடப்பிறந்த மேகலா அக்காவுடையது. ராசிபுரத்தில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத்தருகிற ஒரே ஸ்கூல். அக்கா இடது சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தருவாள். வண்டியின் உடம்பு என் பொறுப்பு. இருபது வயதில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை முழுக்க வீடியோ பார்த்துக் கற்றது. டைமிங் பெல்ட் வரைக்கும் மாற்றியிருக்கிறேன்.

காலை பேட்ச் முடித்து வரும்போது வண்டி டிராக்டர் மாதிரி கத்தியது. கீழே படுத்துப் பார்த்தேன். கடைசியில் இருக்கும் டப்பா, அதாவது மப்ளர், துருப்பிடித்து விரல் நுழைகிற ஓட்டை. சேலம் ரோட்டில் சைலன்சர் கடை வைத்திருக்கும் அர்ச்சுனன் அண்ணனிடம் காட்டினேன்.

"டப்பா மட்டும்தான் போயிருக்குது அம்மிணி. அத மட்டும் மாத்திக்கோ. முன்னாடி பைப்பு, புகைய சுத்தம் பண்ற அந்த உருளை எல்லாம் கல்லாட்டம் இருக்குது."

"சரிங்ணா," என்றேன். சொல்லும்போதே கை போனில் கார் சத்தப் பைத்தியங்களின் குரூப்பைத் திறந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

கடவுள் இருக்கிறார். சேலத்தில் ஒருத்தர் இதே மாடல் காரை விற்றுவிட்டு அதில் போட்டிருந்த ஃபுல் எக்ஸாஸ்ட் செட்டைத் தனியாகக் கொடுக்கிறார். என்ஜினிலிருந்து வருகிற ஹெடர், நடு பைப், கடைசியில் ஸ்போர்ட்ஸ் மப்ளர், எல்லாம் ஒரே குடும்பம். நடுவில் உருளை கிருளை கிடையாது, காற்று நேராகப் போகும். அவர் அனுப்பிய சத்தத்தை நாற்பது தடவை கேட்டேன். ஸ்டார்ட் ஆனதும் ஒரு உறுமல், பிறகு தொண்டைக்குள் பேசுகிற மாதிரி ஒரு முனகல். புல்லரித்துவிட்டது.

மப்ளர் மட்டும் மாற்றினால் சத்தம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஃபுல் செட் போட்டால் வண்டியே வேறு. இதைக் குரூப்பில் ஆயிரம் பேருக்கு நானே டைப் அடித்திருக்கிறேன். இதுவரை ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அக்காவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

மாட்டியாகிவிட்டது. அர்ச்சுனன் அண்ணன் முதலில் லிஃப்டில் ஏற்றவே மாட்டேன் என்றார். கெஞ்சிக் கூத்தாடி, கழற்றியதை எல்லாம் அவர் கடையிலேயே பத்திரமாக வைப்பதாகச் சொன்ன பிறகு வெல்டிங் மட்டும் செய்துகொடுத்தார்.

ஒரு சிக்கல். புது பைப்பின் முனை பம்பரைத் தாண்டி முழம் நீளத்துக்கு மினுமினுவென்று நின்றது. அக்கா பார்த்த உடனே கண்டுபிடிப்பாள். டெஸ்ட் அன்றைக்கு ஆர்டிஓ ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டரும் பார்ப்பார். அதனால் முனையை வெட்டி, டிக்கிக்கு அடியிலேயே கீழ்நோக்கி முடித்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"பொகை வெளிய போகோணும் அம்மிணி, வண்டிக்கு அடியில விட்டா எப்படி?" என்றார் அண்ணன்.

"ஓடுற வண்டிங்ணா, காத்துல போயிரும்."

இன்னொரு வேலை வீட்டில் செய்தேன். டிக்கி தரையில் ஐந்து ரப்பர் மூடிகள் இருக்கின்றன. கார்ப்பெட்டுக்கு அடியில் கிடப்பதால் யாருக்கும் தெரியாது. அவற்றைக் கழற்றினால் சத்தம் நேராக உள்ளே வரும், குரூப்புக்குச் சத்தம் பதிவு செய்ய மைக் வயரையும் இறக்கலாம். ஐந்தையும் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன்.

அக்கா கேட்டாள்: "மாத்தியாச்சா?"

"மப்ளர் மட்டும்தான் மாத்தினேன்."

மப்ளரையும் மாற்றியிருக்கிறேன். பொய் இல்லை.

ஜூன் 12, வியாழன்

அக்கா ஸ்டார்ட் பண்ணிவிட்டு என்னைப் பார்த்த பார்வை.

"என்ன புள்ள, எருமை கனைக்கிற மாதிரி இருக்குது?"

"புது மப்ளர்க்கா. நூறு கிலோமீட்டர் ஓடினா அடங்கிடும்."

பரிமளா டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது, கணக்கு டீச்சர், டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். அவர் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வந்த சத்தத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாராம். வண்டி ஆஃப். "மேகலா, இது என்னைப் பார்த்து உறுமுது," என்றாராம். பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் நின்று பதிவு செய்தேன். டீச்சர் ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற அந்த முனகல் இருக்கிறதே. குரூப்பில் இருநூறு ஹார்ட்.

ஜூன் 16, திங்கள்

அக்காவுக்குத் தலைவலி. காலை பேட்ச் மூன்று மணி நேரம், முழுக்க ரிவர்ஸ் பயிற்சி. வெளியே புழுதி, கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் என்றாள். பரிமளா டீச்சருக்கும் தலைவலியாம். அவருக்கு டெஸ்ட் பயம்.

வண்டிக்குள் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்றாள் அக்கா. பெட்ரோல் வாசனைதான், எனக்குப் பிடித்த வாசனை. சாம்பிராணி வாசனை வருகிற கார் பெர்ஃப்யூம் கேன் ஒன்று வாங்கி வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் மைதானத்திலிருந்து வந்ததும் அக்கா கொல்லைக் குழாயடியில் வாந்தி எடுத்தாள். அம்மா முதுகைத் தேய்த்தாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

மோகன் மச்சான் மஸ்கட்டில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. இந்த முறை வந்துவிட்டு மே இருபதாம் தேதி திரும்பிப் போனார். கல்யாணமாகி ஏழு வருடம். ஒவ்வொரு லீவு முடிந்ததும் அக்கா காலண்டரை எண்ணுவாள். நாங்கள் எண்ணாத மாதிரி இருப்போம்.

"எத்தன நாள் தள்ளியிருக்குது கண்ணு?"

"இருபதுங்கம்மா. எனக்கு எப்பவும் தள்ளிப் போறதுதான."

"எப்பவும் வாந்தி வந்துச்சா? எப்பவும் தல சுத்துச்சா? அன்னைக்கு வண்டில நாத்தம் அடிக்குதுன்னியே. மூக்கு அப்படித்தான் ஆகும். உன்ன உண்டாயிருந்தப்ப எனக்கு விபூதி வாசனையே ஆகல."

கிட் வாங்கிப் பார்க்கலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். மூன்று தடவை பார்த்து, மூன்று தடவையும் ஒற்றைக் கோடு. "அந்தக் குச்சிய இன்னொருக்கா கையில தொட மாட்டேன். ஆடி பொறக்கறதுக்குள்ள நேரா டாக்டர்கிட்டயே போயிக்கறேன். ஜூலை நாலு வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் யாரும் எதுவும் பேச வேண்டாம்."

பேச வேண்டாம் என்று சொன்னவள் சாயங்காலம் மச்சானிடம் அரை மணி நேரம் பேசினாள். சிரிப்பு வெளித்திண்ணை வரை கேட்டது.

நான் சித்தி.

ஜூன் 22, ஞாயிறு

லீவு. அக்கா காலையில் ஆறு இட்லி, மத்தியானம் கறிக்குழம்பு இரண்டு தட்டு. தலைவலி இல்லை, வாந்தி இல்லை.

"இதென்ன, ஞாயித்துக்கிழமையானா மசக்கைக்கும் லீவா?" என்றாள் அம்மா.

மூவரும் சிரித்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

கேபின் சத்தம் எடுக்க நானே பின்சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அற்புதமான பதிவு. இறங்கும்போது நெற்றிப்பொட்டில் சுத்தியல். காலையில் சாப்பிடாமல் போனதால் இருக்கும்.

வீடியோவைப் போட்டேன். ஒருவன், பெயர் சங்ககிரி ஸ்பீடு, எழுதியிருக்கிறான்: "பைப் முனை எங்க முடியுது? பம்பர் தாண்டி தெரியலையே. வண்டிக்கு அடியில விட்டிருந்தா, வண்டி நின்னுட்டு ஐடிலிங்ல ஓடறப்ப புகை டிக்கி வழியா உள்ள வரும். உருளையும் இல்ல. உள்ள உக்காந்தவங்களுக்கு தலைவலி, வாந்தி வருதா? கண்ணாடிய ஏத்தாதீங்க."

பொறாமை. ஆயிரம் லைக் பார்த்தால் இப்படித்தான் வருவார்கள். "நீங்க உங்க ஸ்டாக் சைலன்சரோட சந்தோஷமா இருங்க ப்ரோ" என்று பதில் போட்டேன்.

ஜூன் 25, புதன்

அந்தக் கமெண்ட்டை அழித்துவிட்டேன். மனப்பாடமாகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

பரிமளா டீச்சர் ரிவர்ஸில் வந்து மைதானத்துக் கல்தூணில் இடித்தார். பயப்படும்படி ஒன்றுமில்லை, பம்பர் நெளிந்தது. ஆனால் நான் அங்கே நின்று பார்த்தேன். வண்டி மெதுவாகத் தூணை நோக்கி வருகிறது. அக்காவின் காலடியில் தனி பிரேக் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் அவள் கால் தாமதித்ததே இல்லை. இன்று அவள் தூணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கால் போகவில்லை.

கதவைத் திறந்தேன். டீச்சர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, "ஒரு மாதிரி தூக்கமா வருதும்மா," என்றார். அக்காவின் முகம் சிவந்திருந்தது.

"பிரேக் போடோணும்னு தோணுச்சு சிந்து. கால் எங்கயோ இருக்கற மாதிரி இருந்துச்சு," என்றாள். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இனிமே நான் வண்டில உக்காரக் கூடாதோ?" என்று சிரித்தாள்.

பம்பரைச் சரி செய்ய வேண்டும், இரண்டு நாள் வண்டி வேண்டாம் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

புதுப்பாளையம் பிரிவில் வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்கும் கடை. சகாயம் அண்ணன் ஒரு நீளக் குழாயை சைலன்சருக்குள் விட்டு, கம்ப்யூட்டரில் எண் பார்த்து, சீட்டு அடித்துக் கொடுப்பார். நான் அந்தக் குழாயை வண்டிக்குள்ளே வைக்கச் சொன்னேன்.

"உள்ளயா? உள்ள எதுக்கும்மா? அங்க சைபர்தான் காட்டும்."

"காட்டட்டுமுங்ணா."

அக்கா உட்காரும் இடது சீட்டில் குழாயை வைத்தோம். கண்ணாடிகளை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, வெளியே நின்றோம். இருபது நிமிடம். முதலில் சைபர். பிறகு கடைசி இலக்கம் மாறியது. 0.01. 0.02. 0.03.

சகாயம் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குழாயை வெளியே எடுத்து, சைபர் வந்ததும் திரும்ப உள்ளே வைத்தார். அதே 0.03. பிறகு அவரே கையை நீட்டி என்ஜினை அணைத்தார்.

"கார்பன் மோனாக்சைடு. இது உள்ள இருக்கவே கூடாது. யாரு ஓட்டற வண்டி இது?"

"எங்க அக்கா."

"தலைவலி, வாந்தின்னு சொல்றாங்களா?"

தலையாட்டினேன்.

"நல்லவேளை, எதுனாலன்னு கண்டுபிடிச்சீங்க," என்றார்.

நல்லவேளை என்கிற வார்த்தையைக் கேட்டு அழுகை வந்தது. தலைவலி எதனால் என்று கண்டுபிடித்துவிட்டேன். வாந்தி எதனால் என்றும்.

ஜூன் 28, சனி

அர்ச்சுனன் அண்ணன் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூலையிலிருந்து பழைய பைப்பையும் உருளையையும் எடுத்துவந்தார். புது கேஸ்கெட், பம்பர் தாண்டி நிற்கும் புது டப்பா ஒன்று. முதல் நாளே அவர் சொன்ன வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஃபுல் செட்டைக் கடையின் பின்னால் போட்டுவிட்டு வந்தேன்.

டிராயரிலிருந்த ரப்பர் மூடிகளைக் கட்டைவிரலால் அழுத்தி ஒவ்வொன்றாக மாட்டினேன். சகாயம் அண்ணனிடம் மறுபடி போனேன். அரை மணி நேரம், சைபர்.

அக்காவிடம், "பம்பர் சரி பண்ணியாச்சு, அப்படியே சர்வீஸும் பண்ணிட்டேன்," என்றேன்.

"தங்கம்," என்றாள்.

யாருக்கும் இனி ஆபத்து இல்லை. சொல்லியாக வேண்டும் என்று இல்லை.

ஜூன் 30, திங்கள்

அக்காவுக்குத் தலைவலி இல்லை. வாந்தி இல்லை.

பரிமளா டீச்சர் ஒரு இடமும் இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்தார். "முயலுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு," என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

மைதானத்திலிருந்து வந்த அக்கா குழாயடியில் போய் நின்றாள். வாந்தி வருமா என்று நின்றாள். வரவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். "சிந்து, உன் போன்ல பாத்துச் சொல்லு. இந்த மாதிரி இருக்கறப்ப வாந்தி திடீர்னு நின்னுட்டா என்னன்னு."

"நல்லதுதானக்கா."

"பாத்துச் சொல்லு புள்ள."

பார்த்தேன். அவளுக்குக் காட்ட முடியாத நான்கு வரி இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்து, ஒன்றுமில்லை என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். "வியாழக்கிழமை அந்தத் தூண்ல இடிச்சமே. அதுல எதாச்சும் ஆயிருக்குமா?"

ஜூலை 2, புதன்

சொல்லவில்லை.

அம்மா மாரியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள். பரிமளா டீச்சர் போன் செய்து, "நான்தான் இடிச்சேன், மேகலாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அழுதாராம். அக்காவுக்கு விசேஷம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை டீச்சர் என்று அக்கா அவரைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். 

ஜூலை 3, வியாழன்

நாளைக்கு டாக்டர். அக்கா காலையிலிருந்து மெதுவாக நடக்கிறாள். எதையோ ததும்பாமல் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

காலை பேட்ச் முடிந்து எல்லாரும் போன பிறகு மைதானத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னேன். அவள் இடது சீட், நான் ஸ்டீயரிங். சேலத்து செட், வெட்டிய முனை, ஐந்து மூடிகள், அழித்த கமெண்ட், சகாயம் அண்ணனின் எண். எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் பதினொன்றில் ஆரம்பித்து ஒரு நாள் விடாமல்.

அவள் முன்கண்ணாடி வழியாகத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மப்ளர் மட்டும்தான் மாத்தினேன்னு சொன்ன."

"ஆமாக்கா."

"பரிமளா டீச்சருக்குத் தூக்கம் வந்தது?"

"அதனாலதான்."

"எனக்கு வாந்தி."

நான் ஸ்டீயரிங்கில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நல்லாருந்தது."

"அக்கா, அதுக்காக இல்லைன்னு அர்த்தம் இல்ல. நாள் தள்ளியிருக்குதே. ரெண்டும் இருக்கலாம். இருந்தா டாக்டர்கிட்ட புகையப் பத்திச் சொல்லியே ஆகணும், அதான்..."

"ரெண்டும் இருந்தா," என்று திருப்பிச் சொன்னாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் வீடுவரை நடந்தே போனாள். நான் பின்னால் வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஜூலை 4, வெள்ளி

டாக்டரிடம் அக்கா என்னை முன்னால் தள்ளினாள். "இவ சொல்லுவா." அம்மாவுக்கு முன்னால் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள்.

கர்ப்பம் இல்லை. நாள் தள்ளியது எப்போதும் தள்ளுகிற மாதிரிதான். புகையினால் வந்த கோளாறும் இப்போது உடம்பில் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். வயிற்றில் குழந்தை இருந்து இன்னும் ஒரு மாதம் இப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா, "வேண்டாங்க டாக்டர், அவளுக்குத் தெரியும்," என்றாள்.

 வீட்டுக்கு வந்ததும் அம்மா மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியை வடித்து, வெயிலில் துணிமேல் பரப்பினாள்.

மச்சான் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. வண்டில ஒரு ரிப்பேரு. பொகை உள்ள வந்திருக்குது. அதுல வந்த வாந்திதான்."

மச்சான் கேட்டார்: "யாரு பாத்த வேலை?"

அக்கா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "சரி பண்ணியாச்சுங்க," என்றாள்.

ஜூலை 5, சனி

அக்காவின் சட்டம் இரண்டு.

ஒன்று, ஜூன் பன்னிரண்டிலிருந்து இருபத்தாறு வரை அந்த வண்டியில் உட்கார்ந்த பதினொரு பேருக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொல்ல வேண்டும். செய்தேன். நான்கு பேர் இனி வரமாட்டோம் என்றார்கள். ஒருவரின் மாமியார் போனை வாங்கித் திட்டினார். பரிமளா டீச்சர் கடைசி. முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப என் மூளை நல்லாத்தான் இருக்கா?" என்றார். பிறகு, "மேகலா என்ன பண்றா, பாவம் அந்தப் பொண்ணு?" என்றார். 

இரண்டு, எல்லா வகுப்பிலும் பின்சீட்டில் நான் உட்கார வேண்டும். முழு நேரமும். "நாங்க எந்தக் காத்த குடிக்கறமோ அதையே நீயும் குடி," என்றாள்.

குரூப்பில் பழைய வீடியோவை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதிப் போட்டேன். சங்ககிரி ஸ்பீடிடம் மன்னிப்புக் கேட்டேன். "அக்கா நல்லாருக்காங்களா ப்ரோ?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

ஜூலை 8, செவ்வாய்

நான்கு கண்ணாடிகளும் இறக்கியே இருக்கின்றன. ஆடிக்கு முன்னாலேயே காற்று ஆரம்பித்துவிட்டது. மைதானத்துப் புழுதி முழுக்க வண்டிக்குள். பரிமளா டீச்சர் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். "ஏசி போடட்டுமா மேகலா?" என்றதற்கு அக்கா, "ரோட்டப் பாருங்க டீச்சர்," என்றாள்.

சகாயம் அண்ணனிடம் தினமும் போய் சைபர் என்று அடித்த சீட்டு வாங்கி டாஷ்போர்டில் வைக்கிறேன். அவள் அதைப் படிப்பதில்லை.

ஜூலை 11, வெள்ளி

என்னிடம் மூன்று வார்த்தை பேசினாள். "டயர்ல காத்து பாரு."

பார்த்தேன். நான்கிலும் சரியாக இருந்தது. ஸ்டெப்னியிலும் பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நாளை மறுநாள் ஆடி ஒன்று. பரிமளா டீச்சருக்கு நாளைக்கு மூன்றாவது டெஸ்ட். கடைசிப் பயிற்சி. நான் பின்சீட்டில், வழக்கம்போல டிக்கியை ஒட்டிய மூலையில்.

பாதியில் புழுதிக்காற்று சுழன்று வந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் கால் பிரேக்கில் இறங்கியது, சரியான நேரத்தில். வண்டி தூணுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு மெதுவான சத்தம். காது கொடுத்தால்தான் கேட்கிறது.

அக்கா டாஷ்போர்டிலிருந்த சீட்டுகளைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி அதில் என் முகத்தைப் பார்த்தாள்.

"தலை வலிக்குதா?"

"இல்லக்கா."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்ல."

கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தாள்.  பிறகு அவளுடைய இடது முழங்கை அசைந்தது. எங்கள் வண்டியில் கதவுக் கண்ணாடியைக் கையால்தான் சுற்றி ஏற்ற வேண்டும். பாதியில் ஒரு தடவை நிறுத்தினாள். மறுபடி சுற்றினாள். கண்ணாடி மேலே போய் ரப்பரில் முட்டி நின்றது.

"ஏசி போடுங்க டீச்சர்," என்றாள்.